மாடி எடுக்குமுன் மேஸ்திரியை அறிக

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கட்டிய வீட்டின்மேல் இன்னொரு வீட்டைக் கட்டுவது பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இப்போது தெருவுக்குத் தெரு நடப்பது அந்தக் காரியந்தான்.

காரணம் ஊரறிந்தது. இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை நெடுகத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. 2002-ல் பக்கத்திலேயே மகேந்திரா வேர்ல்டு சிட்டி தோன்றிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் மோட்டார் ஆலை திறந்தது. பிறகு வந்தவை அனேகம். வேலைக்கு வரும் வாலிபர்களுக்குத் தங்க இடம் வேண்டும். கீழே குடியிருக்கும் குடும்பத்தார், பிராவிடண்டுப் பணத்தை எடுத்தோ, அம்மாளின் நகையை வைத்தோ, மேலே நாலு அறை போட்டு வாடகைக்கு விடத் தீர்மானிக்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த மாடியில் உறங்கப் போகிறவர்கள் எங்கேயோ இருக்கும் தாய்மார்களின் பிள்ளைகள். அதன் கீழே உறங்குகிறவர்கள் நம் பிள்ளைகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டே கண்டிராக்டரைத் தேட வேண்டும்.

சாதாரணமாக நாம் என்ன செய்கிறோம்? மூன்று மேஸ்திரிகளைக் கூப்பிட்டுச் சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்கிறோம். குறைத்துச் சொன்னவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிடுகிறோம். கத்தரிக்காய் வாங்குவதற்கு இது நல்ல முறை. கட்டிடத்தில் குறைந்த விலை எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் யோசித்தால் உண்மை விளங்கும். கூலியைக் குறைக்க முடியாது. சிமெண்டு மூட்டை எல்லோருக்கும் ஒரே விலை. ஆகவே, பூச்சுக்குள் மறைந்துபோகும் இடத்தில்தான் குறைப்பு நடக்கும்: கம்பியில், கலவையில், எம்-சாண்டு என்ற பெயரில் இறங்கும் கிரஷர் தூளில்.

விலையைச் சொல்வதற்கு முன் மேஸ்திரி எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். இந்தப் பக்கத்து மனைகள் பலவும் ஏரிப் பாசன வயல்களாயிருந்தவை. களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கீழ்வீடு கட்டியபோது மாடி எடுக்கும் எண்ணம் இருந்ததா, கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று விசாரிப்பவர் தொழில் தெரிந்தவர். "ஒரு மூலையில் குழி வெட்டி அஸ்திவாரத்தைப் பார்த்துவிடுவோம், இஞ்சினீயர் ஒருவரையும் அழைத்து வாருங்கள்" என்பவரை விடாதீர்கள். "இந்த வீட்டின் மேல் மாடி வேண்டாம், ஸார்" என்று கைக்கு வந்த வேலையைத் தள்ளுகிறவர் கிடைத்தால், அவரைவிட யோக்கியர் வேறில்லை. தரையைக் காலால் தட்டிப் பார்த்து, "ரெண்டு மாடி தாங்கும்!" என்று சொல்லுகிறவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். பாடலாத்ரி நரசிம்மர் மலையையே குடைந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அஸ்திவாரக் கவலை கிடையாது. நமக்கு உண்டு.

சென்னைக்கருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி மாலை, வேலை முடியாத பதினோரு மாடிக் கட்டிடம் மழையில் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் கட்டிடக் கூலிகள். அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது பெரிய கட்டிடம், நம்முடையது சின்ன வீடு என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. பாரம் தூணின் பலத்தை மிஞ்சினால் விழுவது என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

அடுத்தபடியாக, மேஸ்திரி கட்டிய வீடுகளைப் பார்க்க வேண்டும். புது வர்ணம் அடித்த வீட்டை அவரே காட்டுவார்; அதனால் பிரயோஜனமில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கார்த்திகையில், மழை விட்டபின் போங்கள். வீட்டு எஜமானரிடம் பேசுவதைவிட எஜமானியம்மாளிடம் பேசுவது மேல். குளியலறைச் சுவரில் எங்கே ஈரம் ஏறுகிறது, கூப்பிட்டால் மேஸ்திரி திரும்ப வந்து பார்த்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்போது அவர் வேலை செய்யும் இடத்துக்கும் முன்னறிவிப்பின்றிப் போகலாம். போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா? ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி, சாம்பல் கலந்த சிமெண்டானால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது. 14 நாள் உத்தமம். தளத்துக் கம்பியின் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்குக் கவர் கட்டை வைத்திருக்கிறார்களா, ஜல்லித் துண்டைச் செருகியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கலவை சுலபமாக ஓடட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரை அதிகமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த வாளி தளத்தின் வலுவைக் குடித்துவிடும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பாதிச் சண்டை அளவில்தான் வருகிறது. மாடிப்படி, சன்ஷேடு, பால்கனி ஆகியவை சதுர அடிக் கணக்கில் சேருமா, சேராதா? கம்பி, சிமெண்டு எந்தக் கம்பெனி? இவற்றை முதலிலேயே எழுதிக் கொள்ளுங்கள். பணம் வேலைக்குப் பின்னால் நடக்க வேண்டும்; கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கையெழுத்து வாங்க வேண்டும். ரியல் எஸ்டேட் சட்டம் (2016) மனையும் பிளாட்டும் விற்கிறவர்களைக் கட்டுப்படுத்துவது. உங்கள் மேஸ்திரியை அது தொடாது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்பது வீண்.

கடைசித் தவணையில் ஒரு சிறு பாகத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக முதல் நாளே பேசிவிடுங்கள். ஒழுகாத தளம் போடுகிறவர் இதற்குச் சம்மதிப்பார்.