நார்வேயின் குளிர்நீர்ப் பந்தயம்

நார்வேயில் 2003 முதல் நடக்கும் நார்ஸ்மன் டிரையத்லான், அதிகாலை 5 மணிக்கு ஹார்டாங்கர் கடற்கழியில் தொடங்குகிறது. கப்பலிலிருந்து வீரர்கள் சுமார் 4 மீட்டர் கீழே இருக்கும் நீரில் குதிக்க வேண்டும். ஆகஸ்ட் கோடையிலும் அந்த நீர் பெரும்பாலும் 15 டிகிரியைத் தாண்டாது.

குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு தானாகவே திணறி வேகமெடுக்கும். ஓரிரு நிமிடம் அசையாமல் மிதந்தால் அது அடங்கும். பதறி நீந்துபவர்தான் தண்ணீர் குடிப்பார். ரப்பர் நீச்சலுடைக்குள் மெல்லிய நீர்ப்படலம் புகுந்தாலும், காப்பு தருவது முக்கியமாக அந்த ரப்பரில் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான்.

3.8 கிலோமீட்டர் நீந்திக் கரையேறிய பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். விரல்கள் மரத்து, ஹெல்மெட் வாரின் கொக்கியைக்கூட மாட்ட வராது. உலர்ந்த உடைக்கு மாறாமல் மிச்சப்படுத்தும் இரண்டு நிமிடம் வீண் லாபம்: அடுத்து 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுவும் ஈர உடையோடு, எதிர்க்காற்று வீசும் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில்.

கடைசியாக மாரத்தான். முந்தி வருவோர் மட்டுமே 1,850 மீட்டர் உயரத்தில், கௌஸ்டாடோப்பன் மலைமேல் முடித்துக் கறுப்புச் சட்டை பெறுகிறார்கள். மற்றவர்களுக்கு, கீழேயே முடிவுக்கோடும் வெள்ளைச் சட்டையும்.