தராசில்லா வீட்டிற் புரதத்தூள் அளத்தல்

அளவை என்பது எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படும் என்பது மாணாக்கர் கீழ்வகுப்பிலேயே கற்கும் பாடம். தொல்காப்பியரும் அளவுப்பெயர் வேறு, நிறைப்பெயர் வேறு எனப் பகுத்தே இலக்கணங் கூறினார். படியாலும் நாழியாலும் முகந்து காண்பது அளவு. துலாக்கோலால் எடுத்துக் காண்பது நிறை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் வரும் இடர், இன்று புரதத்தூள் வாயிலாக நம் வீடுகளிற் புகுந்துள்ளது. ஆதலின் அதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் பயிலும் மாணவருட் சிலர் உடல்வன்மை வேண்டி இத்தூளைப் பாலிலோ நீரிலோ கலந்து அருந்துகின்றனர். முதுமையினால் தசை மெலிந்த பெரியோர் சிலர் மருத்துவர் சொற்படி அருந்துகின்றனர். கடைகளில் வாங்குவன ஒருபுறமிருக்க, கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பும் பொதிகளும் பல. பொதியின் மேல் ஒருவேளைக்கு 30 கிராம் என்பது போல எழுதப்பட்டிருக்கும். அது நிறை. நம் அடுக்களையில் இருப்பதோ கரண்டி. அது முகக்கும் கருவியேயன்றி நிறுக்கும் கருவியன்று.

கரண்டி நம்மை ஏமாற்றும் வழிகள் மூன்று. முதலாவது, குவித்தல். தலைதட்டிய கரண்டியினும் குவித்த கரண்டி ஒன்றரை மடங்கு கொள்ளும். சிலபொழுது இரு மடங்கும் கொள்ளும். சுண்டாலும் கொத்தாலும் அரிசி அளந்த நம் முன்னோர் தலைதட்டி அளத்தலையும் குவித்தளத்தலையும் வேறுபடுத்தியே பேசினர். இரண்டாவது, இறுகுதல். பொதி பயணத்திற் குலுங்குந்தோறும் நுண்டுகள்கள் இடைவெளிகளிற் புகுந்து காற்றை வெளியேற்றும். புதுப்பொதியைத் திறக்கும்போது அது நிறையாதது போலத் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே. இறுகிய தூளில் ஒரு கரண்டி, தளர்ந்த தூளில் ஒரு கரண்டியிலும் நிறை கூடியது. மூன்றாவது, கரண்டிகளின் வேறுபாடு. மேசைக்கரண்டி எனும் அளவு பல நாடுகளில் 15 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவிலோ 20 மில்லிலீற்றர். நாம் உணவருந்தும் கரண்டிகள் இவ்விரண்டுக்கும் கட்டுப்பட்டன அல்ல. பொதியினுள் இடப்பட்ட அகப்பையும் அந்தத் தூளுக்கே உரியது. பிறிதொரு தூளுக்கு அதனைக் கொண்டு அளத்தல் தகாது.

அங்ஙனமாயின் தராசில்லாதார் செய்வது யாது? இரு வழிகள் உள.

முதல்வழி எண்ணல். புதுப்பொதி ஒன்றைத் திறக்குமுன் பலமுறை தலைகீழாகத் திருப்பித் தூளைத் தளர்த்துக. பின்னர் ஈரமற்ற ஒரு கரண்டியால் முகந்து, கத்தியின் முதுகால் தலைதட்டி, அழுத்தாது, மூடியுள்ள போத்தல் ஒன்றில் இடுக. இட்ட கரண்டிகளை எண்ணிக்கொள்க. பொதியிற் குறித்த தேறிய நிறையை அவ்வெண்ணால் வகுத்தால் ஒரு கரண்டியின் நிறை கிடைக்கும். 450 கிராம் தூள் 60 கரண்டியாக முடிந்ததெனின் கரண்டி ஒன்று 7.5 கிராம், 30 கிராமுக்கு 4 கரண்டி. ஒருமுறை இவ்வாறு கண்டபின் அக்கரண்டியை வேறொன்றுக்கும் எடாது போத்தலின் அருகிலேயே வைத்தல் நன்று. தூளின் வகை மாறினால் மீண்டும் எண்ணுதல் வேண்டும்.

இரண்டாம் வழி, பொதியை முன்னரே திறந்துவிட்டார்க்கு உரியது. 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றினை 15 ஆம் கோட்டில் நூலாற் கட்டித் தொங்கவிடுக. இரு முனைகளிலும் நடுவிலிருந்து ஒத்த தூரத்தில் ஒரேவகைக் கடதாசிக் கிண்ணங்கள் இரண்டைத் தூக்குக. வெறுங்கிண்ணங்கள் சமநிற்கும்வரை உயர்ந்த பக்கத்திற் சிறிது மெழுகு ஒட்டுக. இனி, நீர் 1 மில்லிலீற்றர் ஏறக்குறைய 1 கிராம் நிறையுடையது. மருந்துப் போத்தலோடு வரும் அளவுக்கிண்ணத்தாலோ ஊசியற்ற மருந்தேற்றியாலோ 30 மில்லிலீற்றர் நீரை ஒரு கிண்ணத்தில் இட்டு, மட்டம் சமநிற்கும்வரை மற்றதில் தூளை இடுக. அத்தூள் 30 கிராமாகும். அது எத்தனை தலைதட்டிய கரண்டி என எண்ணிக் குறித்துக்கொண்டால் நாள்தோறும் தூக்க வேண்டியதில்லை. இவ்வாறு வீட்டிற் செய்த கோல் ஓரிரு கிராம் பிழைக்கலாம். குவித்த கரண்டியின் பிழையோடு ஒப்பிடின் அது சிறிதே.

இன்னுமொன்று கருதுதல் வேண்டும். தூளின் நிறை வேறு, அதிலுள்ள புரதத்தின் நிறை வேறு. 100 கிராம் தூளில் 80 கிராம் புரதம் எனப் பொதி கூறுமாயின், 30 கிராம் தூளில் 24 கிராமே புரதம். மேற்காட்டிய கரண்டி ஒன்றில் அது 6 கிராம்; 200 மில்லிலீற்றர் பசுப்பாலிலுள்ள புரதத்துக்கு ஏறத்தாழ நிகர். நலமுள்ள வளர்ந்தோர்க்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட நிபுணர் அறிக்கை கூறுகின்றது. 60 கிலோகிராம் நிறையுடையார்க்கு அது ஏறக்குறைய 50 கிராம். கடும்பயிற்சி செய்வார்க்குத் தேவை இதனினும் கூடும். ஆயினும் பருப்பு, பயறு, பால், தயிர் முதலியவற்றால் உண்பதையும் கூட்டிப் பார்த்த பின்னரே தூளின் அளவைத் தீர்மானித்தல் முறை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என வினவலாம். நலமுள்ள இளைஞர்க்கு ஒரு கரண்டி கூடினால் பெரும்பாலும் பணமே வீணாகும். சிறுநீரகம் தளர்ந்தார்க்கோ அவ்வாறன்று. அவருட் சிலர்க்கு மருத்துவர் புரதத்தைக் குறைத்து விதிப்பர். இயந்திரத்தாற் குருதி சுத்திகரிக்கப்படுவார்க்குக் கூட்டி விதிப்பர். கூடினும் குறையினும் அவர்க்குத் தீங்கே. அன்னார் மருத்துவர் சொன்ன கிராம் கணக்கைத் தம் கரண்டிக் கணக்காக மாற்றி எழுதி, அக்கரண்டியையும் மருத்துவரிடங் காட்டுதல் வேண்டும். குழந்தைகளுக்கான பால்மாவுக்கு இவ்வழிகள் எவையும் ஆகா. அப்பேணியோடு வந்த அகப்பையாலேயே தலைதட்டி, பேணியிற் சொன்ன அளவு நீரிற் கரைத்தல் வேண்டும்.

கையளவும் கண்ணளவும் கறிக்கு உப்பிடப் போதும். மருந்துபோல் அளந்துண்ண வேண்டிய பொருளுக்கு அவை போதா. நிறையோடு ஒருமுறை ஒப்புநோக்கப்பட்ட கரண்டியே நம்பத்தக்க கரண்டி. அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. ஒருநாட் பொழுதிற் சிறிது நேரமும், கீழ்வகுப்பிற் கற்ற வகுத்தற் கணக்குமே.