கொழுப்பும் கொல்லிமலைச் சாமையும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்து உண்டு வந்தனர். இச்சிறுதானியங்களின் நார்ச்சத்தைப் புகழ்வோர் பலர். அவற்றுள் மறைந்துள்ள கொழுப்பை எண்ணுவோர் சிலரே.

கொழுப்பு என்றதும் அஞ்சுகிறோம். ஆயினும் அது உடலுக்கு இன்றியமையாதது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி ஆற்றலைத் தர, ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகின்றது. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களை உடல் ஏற்கக் கொழுப்பே துணை. லினோலிக், ஆல்பா லினோலெனிக் எனும் கொழுப்பு அமிலங்களை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அவற்றை உணவின் வழியே பெறுதல் வேண்டும்.

உணவிலுள்ள கொழுப்பு இருவகைப்படும். எண்ணெய், நெய் போல்வன கண்ணுக்குப் புலனாவன. தானியம், பருப்பு, பால், இறைச்சி ஆகியவற்றில் உள்ளது புலனாகாதது. 100 கிராம் தீட்டிய அரிசியில் அரை கிராம் அளவே கொழுப்பு உண்டு. சாமையிலும் தினையிலுமோ அது ஏறத்தாழ 4 கிராம்; அதிற் பெரும்பகுதி இதயத்திற்கு நலம் பயக்கும் நிறைவுறாக் கொழுப்பாகும்.

சவ்வரிசி ஆலைகளின் தேவையால் கொல்லிமலையில் மரவள்ளி பரவியது. சாமை விளைந்த நிலம் சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கில் கொழுப்பு மிகமிகக் குறைவு. உரலிற் குத்தி உமி நீக்கும் கடும் உழைப்பும் மகளிரைச் சாமையினின்று விலக்கிற்று. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் சிற்றாலைகளை நிறுவவும் துணைநின்றது. ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ளல் நலம்: கொழுப்பு தவிட்டிலும் முளைக்கருவிலும் தங்கியிருப்பது. வெண்மையை விரும்பி மிகத் தீட்டினால் சாமையும் அரிசியைப் போன்றதாகிவிடும்.

புலனாகும் கொழுப்பிலும் தேர்வு வேண்டும். தேங்காயெண்ணெயிலும் நெய்யிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் நிறைவுறாதது மிகுதி. வனஸ்பதியில் இடம்பெற்ற மாறுபக்கக் கொழுப்போ இதயத்திற்குப் பகை. எனவே 2022 முதல் இந்திய அரசு அதற்கு 2 விழுக்காடு என வரம்பிட்டது.

ஆகவே, கொழுப்பை அறவே ஒதுக்குதல் அறிவுடைமையன்று. அளவறிந்து, மூலமறிந்து உண்பதே நலவாழ்வின் நெறி. தவிடு நீங்காச் சாமையைக் கேட்டு வாங்கும் ஒவ்வொருவரும் தம் உடலோடு மலையுழவரின் வயலையும் காப்பவராவர்.