நூற்றுக்கு ஒன்பது

பவானியில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துக் காயவைப்பது, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவுவது, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளையணுக்களை எண்ணி எந்த வகை எத்தனை என்று எழுதுவது என் வேலை. இப்போது மெஷினே எண்ணிவிடுகிறது. ஆனாலும் சந்தேகம் தட்டும் ரத்தத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் ரிப்போர்ட் கொடுப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சையைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். கரண்டு வைத்துக்கொண்டிருப்பவர்களின் ரத்தம் பல வருடமாக என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. என் அக்காவின் ரத்தம் வரும்வரை அவை எனக்கு வெறும் எண்கள்.

அக்காவுக்கு 52 வயதில் கருப்பைவாய்ப் புற்றுநோய். திங்கள் முதல் வெள்ளிவரை தினம் ஒன்றாக 25 சிட்டிங் கரண்டு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, அது முடிந்ததும் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. இதுதான் திட்டம். ஒவ்வொரு திங்களும் அவள் ரத்தத்தை நானே எடுத்தேன்.

தொடங்கும் முன் மொத்த வெள்ளையணு 7,400. அதில் லிம்போசைட் என்ற வகை 30 சதவீதம், அதாவது 2,220. மூன்றாம் வாரம் மொத்தம் 4,100. லிம்போசைட் 14 சதவீதம். ஐந்தாம் வாரம் மொத்தம் 2,800. லிம்போசைட் 9 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் 252 தான். ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தச் சரிவின் அளவு தெரியாது. முப்பது ஒன்பதாகத்தான் தெரியும். உண்மையில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிச்சம். அன்று அவள் ஸ்லைடில், நீலமும் ஊதாவும் கலந்த அந்த உருண்டை அணு ஒன்றைக் கண்டுபிடிக்க, கண்ணாடியைத் தள்ளித் தள்ளித் தேடினேன்.

ஏன் லிம்போசைட்டுக்கு மட்டும் இந்தக் கதி? கதிர்பட்ட பெரும்பாலான அணுக்கள் உடனே சாவதில்லை. அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போதுதான், உடைந்த டிஎன்ஏவோடு தடுமாறிச் சாகும். லிம்போசைட் அப்படியில்லை. பிரியாமல் சும்மா ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும்போதே, அடி பட்டது தெரிந்ததும் தன்னை முடித்துக்கொள்ளும். ஒருநாள் சிட்டிங்கில் கட்டிக்குக் கொடுக்கும் அளவு சுமார் 2 கிரே; கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. அந்த அளவே லிம்போசைட்டில் பாதியைச் சாய்க்கப் போதும். இது புதிய சேதியும் அல்ல. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். 1903இலேயே ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ஹைனெக்கே என்ற மருத்துவர், எக்ஸ்ரே பட்ட விலங்குகளின் மண்ணீரலில் நிணத்திசு சில மணி நேரத்தில் சிதைவதைப் பார்த்து எழுதிவைத்துவிட்டார்.

"ஏந் தம்பி, கரண்டு வைக்கறது அடிவயித்துல. கையில எடுக்கற ரத்தத்துல எப்படிக் கொறையும்?" என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. வாய்க்காலின் ஒரு மடையில் சாயம் கலந்தால் கடைமடை வயல்வரை நிறம் மாறும்; சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. கரண்டு மெஷின் ஓடும் சில நிமிடங்களில் அந்தக் கதிரின் ஊடாக எவ்வளவோ ரத்தம் கடந்துபோகும். மறுநாள் வேறு ரத்தம் கடக்கும். மூளைக் கட்டிக்கு 30 சிட்டிங் கொடுப்பதை அமெரிக்காவில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். தலையில் ஒரு சிறு இடத்தைத்தான் குறிவைத்தார்கள். ஆனாலும் முடிவில் ஓடும் ரத்தத்தில் 99 சதவீதம் 0.5 கிரேயாவது வாங்கியிருந்தது. அக்காவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜையில் பாதிக்கு நெருக்கமான பங்கு இடுப்பெலும்பிலும் கீழ்முதுகிலும் இருக்கிறது. அடிவயிற்றுக்குக் கரண்டு வைத்தால் ஊற்றுக்கண்ணிலும் படும். கூடவே கீமோவும் சேர்ந்துகொள்கிறது.

நான்காம் வாரம் அவள் இரண்டு நாள் போகவில்லை. உறவுக்காரர் ஒருவர் வந்து, "ஒடம்புல இருக்கற சத்தையெல்லாம் கரண்டு உறிஞ்சிப்போடும், கொஞ்சம் தேறட்டும், அப்பறம் போலாம்" என்று சொல்லியிருக்கிறார். மாமாவும் தலையாட்டிவிட்டார். எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்று நான் கோபப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் கரண்டும் உள்வைப்பும் சேர்த்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளில் முடியவேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் கட்டி அடங்கும் வாய்ப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். நாளுக்கு ஒரு சதவீதம்வரை என்கின்றன ஆய்வுகள். நாம் தேறும்வரை கட்டி காத்திருப்பதில்லை, இடைவெளியில் அதுவும் வளர்கிறது.

அக்காவின் மருத்துவர் ஐந்தாம் வாரத்து 2,800 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அந்த வாரக் கீமோவை நிறுத்திவைத்தார். கரண்டை நிறுத்தவில்லை. காரணம் நியூட்ரோபில். காய்ச்சல் தரும் பாக்டீரியாவோடு முதலில் மோதுவது அந்த அணுதான். அது அவளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. நியூட்ரோபில் ரத்தத்தில் ஒருநாள்கூடத் தங்காது, மஜ்ஜை அதை ஓயாமல் உற்பத்தி செய்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் குறைந்தாலும் சீக்கிரம் ஏறிவிடும். லிம்போசைட் நீண்டநாள் வாழும் அணு. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருப்பது அது. அது ஏற மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

அந்த மாதங்களில் என்ன நடக்கலாம் என்பதை அக்காவின் முதுகில் பார்த்தேன். எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, வலதுபக்க விலாவை ஒட்டிப் பட்டையாகக் கொப்புளம். தீயாய் எரிகிறது என்றாள். அவள் மாமியார் பார்த்ததுமே அக்கி என்று சொல்லி, காவி குழைத்து அக்கி எழுத ஆள் கூப்பிட்டுவிட்டார். நோயைச் சரியாகத்தான் அடையாளம் கண்டார், மருந்துதான் வேறு. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி உடம்பைவிட்டுப் போவதேயில்லை. முதுகுத்தண்டு ஓர நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். அதை எழவிடாமல் காவல் இருப்பவை லிம்போசைட்டுகள். காவல் மெலிந்தால் அது நரம்பு வழியே கிளம்பி வரும். அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால் பலன் அதிகம். அவளுக்கு இரண்டு வாரத்தில் காய்ந்தது.

இதுவரை சொன்னது ஒரு பாதிதான். மறுபாதியை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது, இத்தனை வருடம் இந்த அணுக்களை எண்ணியவன் இதை அறியாமல் இருந்தேனே என்றிருந்தது.

1979இல் அமெரிக்காவில் ஹெலன் ஸ்டோன் என்ற ஆய்வாளரின் குழு, ஒரே வகைக் கட்டி உள்ள எலிகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தது. டி அணு இல்லாத எலிகளில் கட்டியை ஒழிக்கக் கூடுதல் கதிர்வீச்சு தேவைப்பட்டது. டி அணு என்பது லிம்போசைட்டில் ஒரு வகை. அதாவது கட்டியைக் கொல்வது முழுக்கக் கதிர் மட்டும் அல்ல; அது சாய்க்கிற அதே அணுக்களும் அதற்குத் துணை நிற்கின்றன.

எப்படி? கதிர்பட்ட புற்றணுவின் டிஎன்ஏ உடைந்து, இருக்கவேண்டிய உட்கருவைவிட்டு வெளியே சிந்துகிறது. இடம் மாறிக் கிடக்கும் டிஎன்ஏவை அணு 'வைரஸ் புகுந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. வைரஸுக்காகவே வைத்திருக்கும் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கிறது. சிஜிஏஎஸ் என்ற அந்தப் புரதத்தை டாலஸ் நகரில் ஜிஜியான் சென்னின் ஆய்வகம் கண்டுபிடித்து 2013இல் வெளியிட்டது. மணிச்சத்தம் கேட்டு வரும் காவல் அணுக்கள் செத்த புற்றணுவின் துண்டுகளைப் பொறுக்கி, அருகிலுள்ள நெறிக்கட்டிக்குக் கொண்டுபோய் டி அணுக்களுக்குக் காட்டுகின்றன. ஒளிந்திருந்த திருடனின் முகம் அப்போதுதான் காவலுக்குத் தெரிகிறது.

மிக அரிதாக, ஓரிடத்தில் கரண்டு வைக்க, கதிரே படாத வேறிடத்துக் கட்டியும் சுருங்கும். மோல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1953இல் இதற்குப் பெயரே வைத்தார். நியூயார்க்கில் தோல் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு இது நடந்ததாக 2012இல் எழுதினார்கள். எதிர்ப்புசக்தியைத் தூண்டும் இபிலிமுமாப் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். முதுகெலும்பு ஓரக் கட்டிக்கு மூன்றே சிட்டிங் கொடுக்க, மண்ணீரலில் இருந்ததும் சுருங்கியது. இது எல்லாருக்கும் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான கட்டிகள் டி அணுக்களுக்குத் தடை போட்டுவிடுகின்றன.

அந்தத் தடையை எடுக்கலாம் என்று காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு. மூன்றாம் கட்ட நுரையீரல் புற்றுநோயில் கரண்டும் கீமோவும் முடிந்தபின் அப்படித் தடையை எடுக்கும் துர்வாலுமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், ஐந்து வருடம் கழித்து நூற்றுக்கு 43 பேர் உயிரோடு இருந்தார்கள். கொடுக்காதவர்களில் 33 பேர். அக்காவுக்கு வந்த அதே நோயில் 1,060 பெண்களிடம் நடந்த சோதனையில், கரண்டோடும் கீமோவோடும் அதே வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தபோது மூன்று வருடம் உயிர்பிழைத்தவர்கள் நூற்றுக்கு 75லிருந்து 83 ஆக உயர்ந்தார்கள். ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோயில் கரண்டோடு சேர்த்த இதே வகை மருந்துகள் சில பெரிய சோதனைகளில் தோற்றன. டி அணுக்கள் பாடம் படிக்கும் கழுத்து நெறிக்கட்டிகளையே கதிர் பொசுக்கிவிடுவது காரணமோ என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அதனால்தான் கதிரின் பரப்பைச் சுருக்கவும், மஜ்ஜையையும் நெறிக்கட்டியையும் முடிந்தவரை ஒதுக்கிக் குறிவைக்கவும் இப்போது முயல்கிறார்கள்.

அக்காவுக்குப் பெம்ப்ரோலிசுமாப் கிடைக்கவில்லை. ஒரு தவணைக்கே லட்சங்கள் ஆகும். இந்த விலை குறையவேண்டும். அரசுக் காப்பீட்டில் இது இடம்பெறவேண்டும். எங்களைப்போன்ற குடும்பங்களின் கோரிக்கை இது.

இரண்டு நாள் தவறியும், 54ஆம் நாள் அவள் சிகிச்சை முடிந்தது. பதினான்கு மாதம் கழித்து லிம்போசைட் 1,180. மெஷின் சொன்னதை நம்பாமல் ஸ்லைடு போட்டு நானே எண்ணினேன்.

உங்கள் வீட்டில் யாராவது கரண்டு வைத்துக்கொண்டிருந்தால், ரிப்போர்ட்டில் லிம்போசைட் குறைந்ததைப் பார்த்து நீங்களாகச் சிட்டிங்கை நிறுத்தாதீர்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் கசாயம் வைத்து விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.