தடைக்கட்டு நொதிகள்

தடைக்கட்டு நொதிகள் என்பவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட கார வரிசையை அடையாளம் கண்டு வெட்டும் புரதங்கள் ஆகும். இவற்றைப் பெரும்பாலும் பாக்டீரியாக்கள் உருவாக்குகின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் வைரசான பாக்டீரியாஃபேஜ் தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும்போது, இந்நொதிகள் அதைத் துண்டாக்கி வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. பெயரிலுள்ள 'தடை' இதையே குறிக்கிறது.

தன் டி.என்.ஏ.வைக் காத்தல்

நொதி தேடும் வரிசை பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.விலும் உண்டு. ஆறு காரங்கள் கொண்ட ஒரு வரிசை சராசரியாக 4,096 காரங்களுக்கு ஒருமுறை தற்செயலாக அமையும். ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் கொண்டது. எனவே அதில் இத்தகைய இடங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கக்கூடும். அவற்றை வெட்டினால் பாக்டீரியாவே இறந்துவிடும்.

இதைத் தவிர்க்க, மெத்தில்மாற்றி என்னும் இணை நொதி அவ்விடங்களில் ஒரு காரத்தின்மீது மெத்தில் தொகுதியைச் சேர்க்கிறது. இக்குறி உள்ள இடத்தைத் தடைக்கட்டு நொதி வெட்டுவதில்லை. டி.என்.ஏ. இரட்டிப்பானதும் புதிய இழையில் குறி இராது; ஆயினும் பழைய இழையின் குறியே தற்காலிகக் காப்பாகிறது. உள்ளே வரும் வைரஸ் டி.என்.ஏ.வில் பொதுவாக இக்குறி இல்லை.

வகைகள்

- முதல் வகை: வரிசையை ஓரிடத்தில் அறிந்து, ஆயிரக்கணக்கான காரங்கள் தள்ளியும் வெட்டும். வெட்டுமிடம் நிலையானதன்று. ஏ.டி.பி. ஆற்றல் தேவை.
- இரண்டாம் வகை: அறிந்த வரிசைக்குள்ளேயோ மிக அருகிலோ, நிலையான இடத்தில் வெட்டும். ஏ.டி.பி. தேவையில்லை.
- மூன்றாம் வகை: வரிசையிலிருந்து சுமார் 25 காரங்கள் தள்ளி வெட்டும். ஏ.டி.பி. தேவை.
- நான்காம் வகை: மெத்தில் முதலிய குறிகள் உள்ள டி.என்.ஏ.வையே வெட்டும்.

வெட்டு முனைகள்

ஆய்வகங்களில் மிகுதியும் பயன்படுவது இரண்டாம் வகை. இவ்வகையின் பல நொதிகள் தேடும் வரிசை 'விகடகவி' போன்ற மாலைமாற்றை ஒத்தது. ஆனால் இங்கு ஒரே இழையை முன்பின்னாகப் படிப்பதில்லை. எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு இழைகளையும் அவற்றவற்றின் திசையில் படித்தால் ஒரே வரிசை கிடைக்கும். ஈகோ-ஆர்-1 நொதி, ஜி–ஏ–ஏ–டி–டி–சி என்ற வரிசையில் ஜி-க்கும் ஏ-க்கும் இடையில் வெட்டி, நான்கு காரங்கள் நீட்டிய 'ஒட்டும் முனை'களைத் தருகிறது. ஸ்மா-1 நொதி சி–சி–சி–ஜி–ஜி–ஜி வரிசையை நடுவில் வெட்டி, 'மழுங்கிய முனை'களைத் தருகிறது. இரு உயிரினங்களின் டி.என்.ஏ.வை ஒரே நொதியால் வெட்டினால் ஒட்டும் முனைகள் பொருந்தும். லைகேஸ் நொதி அவற்றை இணைக்கும். மரபணுப் பொறியியல் இதிலிருந்தே வளர்ந்தது.

வரலாறு

வெர்னர் ஆர்பர் 1960களில் இத்தடைமுறையை விளக்கினார். ஹாமில்டன் ஸ்மித் 1970இல் முதல் இரண்டாம் வகை நொதியை விவரித்தார். டேனியல் நாதன்ஸ் அதைக் கொண்டு ஒரு வைரசின் டி.என்.ஏ.வைப் பகுத்தாய்ந்தார். மூவரும் 1978இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

இந்திய ஆய்வு

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டி. என். ராவ் குழுவினர் முதல், மூன்றாம் வகை நொதிகளையும், வி. நாகராஜா குழுவினர் கே.பி.என்-1 நொதியையும் ஆராய்ந்தனர். பெரும்பாலான இரண்டாம் வகை நொதிகள் மக்னீசிய அயனியுடன் துல்லியமாக வெட்டும், கால்சியத்துடன் செயலிழக்கும். கே.பி.என்-1 இதற்கு மாறானது. மக்னீசியத்துடன் தன் வரிசையை ஒத்த பிற இடங்களையும் வெட்டுகிறது. கால்சியத்துடன் உரிய வரிசையை மட்டும் வெட்டுகிறது. மெத்தில் குறி உரிய வரிசையை மட்டுமே காப்பதால், நொதியின் துல்லியமும் உயிரணுவுக்கு ஒரு காப்பாகும்.