கோதையாற்று நீர்த்தேக்க மேலாண்மையும் நீர்மின் உற்பத்தியும்

முன்னுரை

நாஞ்சில் நாட்டில் அணை என்றதும் நெல்வயலே நினைவுக்கு வரும். மூலம் திருநாள் மன்னர் காலத்தில், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் பாசனத்துக்காகவே எழுந்தது. அதற்கு மேலே, அதே ஆற்றில், மின்வாரியத்தின் இரண்டு அணைகள் உள்ளன. மேல் அணையின் நீர் 60 மெகாவாட் திறனுடைய முதல் மின்நிலையத்தையும், கீழ் அணையின் நீர் 40 மெகாவாட் திறனுடைய இரண்டாம் மின்நிலையத்தையும் இயக்கிவிட்டுப் பேச்சிப்பாறை ஏரியை அடைகிறது. ஒரே நீரை இருவர் அடுத்தடுத்துப் பயன்படுத்தும் இவ்வமைப்பில், ஏரிகளை இயக்கும் முறை மின்னுற்பத்தியை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உயரமும் நீரளவும்

நீர்மின் உற்பத்தி, நீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பொறுத்தது. ஆயிரம் லிட்டர் நீர் நூறு மீட்டர் விழுந்தால், இழப்புகளைக் கழிக்காத கணக்கில், ஏறத்தாழ 0.27 யூனிட் மின்சாரம் கிடைக்கும். மேட்டூர் அணை மின்நிலையத்துக்கு அந்த உயரத்தைத் தருவது ஏரியின் மட்டம். 120 அடியிலிருந்து அது இறங்க இறங்க, ஒவ்வொரு கன அடி நீரும் தரும் மின்சாரம் குறைகிறது. கோதையாறு முதல் மின்நிலையத்துக்கோ உயரத்தைத் தருவது மலைச்சரிவு. ஏரி சில மீட்டர் இறங்கினாலும் இழப்பு சிறிதே. ஆகவே இங்கு மட்டத்தைக் காப்பதைவிட மறுகால் பாய்வதைத் தவிர்ப்பதே முதன்மையானது. சுழலியில் புகாமல் வழிந்த நீரால் மின்சாரம் இல்லை.

பருவமும் பாசனமும்

பேச்சிப்பாறை அணை பொதுவாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ சாகுபடிக்குத் திறக்கப்பட்டு, கும்பப்பூ அறுவடையை ஒட்டிப் பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படுகிறது. இடைப்பட்ட கோடையில்தான் தமிழகத்தின் மின்தேவை உச்சத்தை எட்டுகிறது; ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் அப்போது முழு வலிமை பெற்றிருப்பதில்லை. இம்மாதங்களில் மேல் ஏரிகளைத் திறந்தால் மின்சாரம் கிடைக்கும். நீரோ, மட்டம் தாழ்ந்திருக்கும் பேச்சிப்பாறையில் தங்கி ஜூன் மாத நாற்றங்காலுக்கு உதவும். உழவருக்கும் மின்வாரியத்துக்கும் பகை என்ற பொதுக்கருத்து இங்கே பொருந்தவில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை வேறு. 2021 நவம்பர் போன்ற பெருமழையில் மேலும் கீழும் ஏரிகள் நிரம்பியிருக்கும். அப்போது மின்சாரம் எடுத்த நீர், பேச்சிப்பாறையின் உபரியோடு திற்பரப்பு, குழித்துறை வழியே தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேரும். எடுக்காவிட்டால் மேல் அணை மறுகால் பாயும். அக்டோபருக்கு முன்பே மேல் ஏரியில் ஓரளவு இடம் ஒதுக்கிவைப்பதே வழி. மழை பொய்த்தால் அடுத்த கோடையில் மின்சாரம் குறையும் என்ற இடர் அதில் உண்டு.

எவ்வாறாயினும், மின்நிலையம் விரும்பிய நேரத்தில் இயங்கப் பேச்சிப்பாறையில் காலியிடம் வேண்டும். நூறாண்டைக் கடந்த அவ்வேரியில் படியும் வண்டல் அந்த இடத்தையே தின்கிறது. தூர்வாருதல் பாசனத்தாரின் கோரிக்கையாக மட்டுமே பேசப்படுகிறது. மின்வாரியமும் அதைக் கேட்க வேண்டும். மேல் ஏரிகள் மின்வாரியத்திடமும், பேச்சிப்பாறை நீர்வளத்துறையிடமும் இருப்பதால், மார்ச் முதல் மே வரையிலான நீர்த்திறப்பை இருவரும் ஒரே அட்டவணையில் வகுப்பது பொருத்தமாகும்.