பாயும் மஞ்சமும்: சைப்பிரசுத் தீவின் திருச்சபைச் சான்றோர்

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், சிரியாவுக்கு மேற்கிலும் துருக்கிக்குத் தெற்கிலும் அமைந்திருப்பது சைப்பிரசுத் தீவு. பண்டைக் காலத்தில் இத்தீவு செம்புக்குப் பெயர் பெற்றிருந்தது. செம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இத்தீவின் பெயரிலிருந்து பிறந்ததாகும். கிறித்துவ சமயத்தின் முதல் ஏழு நூற்றாண்டுகளில் இங்குத் தோன்றியும் வாழ்ந்தும் புகழ்பெற்ற சான்றோர் பலர். அவர்தம் வரலாற்றைச் சமய வரலாறாக மட்டுமன்றி மொழி வரலாறாகவும் படிக்க இடமுண்டு. கற்றோர் போற்றும் நடையில் பேசுவதா, மக்கள் அறிந்த சொல்லில் பேசுவதா என்னும் வினா அவர்கள் முன்னும் நின்றது. அவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடைகளை இங்குக் காண்போம்.

முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பர்னபா. இவர் சைப்பிரசில் பிறந்த யூதர், லேவி குலத்தவர், இயற்பெயர் யோசேப்பு. ஊக்கமூட்டும் மகன் என்னும் பொருளில் திருத்தூதர்கள் இவருக்குப் பர்னபா என்று பெயரிட்டதாக விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. தம் நிலத்தை விற்றுப் பணத்தைப் பொதுவுக்கு அளித்த இவர், பின்னர்ப் பவுலுடன் சைப்பிரசுக்கு வந்து, சலாமி முதல் பாப்போ வரை பயணம் செய்து போதித்தார்.

பர்னபாவின் பெயர் பிற்காலத்தில் ஓர் உரிமை வழக்கிலும் இடம்பெற்றது. சைப்பிரசுத் திருச்சபை தன் ஆட்சிக்கு உட்பட்டது என்று அந்தியோக்கியா உரிமை கோரியது. தம் ஆயர்களைத் தாமே திருநிலைப்படுத்தும் சைப்பிரசு மக்களின் உரிமையை 431ஆம் ஆண்டு எபேசில் கூடிய பொதுச்சங்கம் காத்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கு மீண்டும் எழுந்தது. அப்போது பேராயர் அந்தேமியர் சலாமிக்கு அருகில் பர்னபாவின் கல்லறையைக் கண்டறிந்தார் என்றும், அவர் மார்பின்மேல் மத்தேயு நற்செய்திப் படி ஒன்று இருந்தது என்றும், அதனைப் பெற்ற பேரரசர் சீனோ பேராயருக்குச் சிவப்பு மையால் கையொப்பமிடும் உரிமையை வழங்கினார் என்றும் மரபு கூறுகிறது. சைப்பிரசுப் பேராயர் இன்றும் சிவப்பு மையாலேயே கையொப்பமிடுகிறார்.

நம் வினாவுக்கு நேரே வருவோம். நான்காம் நூற்றாண்டில் திரிமித்தூசு என்னும் ஊரின் ஆயராக விளங்கியவர் ஸ்பிரிதோன். இவர் ஆடு மேய்ப்பவர். ஆயரான பின்னும் ஆட்டு மந்தையை விடாதவர். இவர் காலத்தில் லெத்ரா நகரின் ஆயராக இருந்தவர் திரிபில்லியர். இன்றைய தலைநகரான நிக்கோசியா, லெத்ரா இருந்த இடத்தில் உள்ளது. திரிபில்லியர் பெய்ரூட்டில் சட்டம் பயின்றவர். நாவன்மையால் புகழ் பெற்றவர்.

ஒருமுறை ஆயர்கள் கூடியிருந்த அவையில் திரிபில்லியர் மக்களுக்கு உரையாற்றினார். முடக்குவாதமுற்றவரை நோக்கிப் படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கும்படி இயேசு கூறும் இடத்தை அவர் எடுத்துரைக்க நேர்ந்தது. நற்செய்தியில் உள்ள சொல் 'கிராபத்தோசு'. அஃது ஏழையின் எளிய படுக்கை. கற்றோர் இழிவழக்கென ஒதுக்கிய சொல். திரிபில்லியர் அதனை விடுத்துச் 'ஸ்கிம்பூசு' என்னும் செவ்விய சொல்லை அமைத்தார். தமிழில் பாய் எனற்பாலதை மஞ்சம் என்பது போன்றதெனக் கொள்ளலாம். உடனே ஸ்பிரிதோன் எழுந்து, அச்சொல்லைச் சொன்னவரினும் நீர் மேலானவரோ, அவர் சொல்லைச் சொல்ல நாணுகின்றீரோ என்று கேட்டு, மக்கள் பக்கம் திரும்பினார். ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசோமன் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்.

திரிபில்லியரின் நோக்கம் தீயதன்று. பல நூற்றாண்டுகளுக்கு முந்திய ஏதென்சு நகர வழக்கே சிறந்த கிரேக்கம் எனக் கற்றோர் கருதிய காலம் அது. கிறித்துவ நூல்கள் மீனவர் மொழியில் உள்ளன என்று அவர்கள் எள்ளினர். அவ்வெள்ளலைத் தவிர்க்க அவர் விழைந்திருக்கலாம். ஆயினும் சொல் மாறியபோது பொருளின் ஒரு பகுதி மறைந்தது. நோயுற்றவர் ஏழை என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திற்று. மஞ்சத்தில் கிடந்தவர்க்கு அவ்வறுமை இல்லை. பிற்காலத் திருச்சபை இருவரையுமே புனிதராகப் போற்றுகிறது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

அடுத்து எபிபானியர். பாலத்தீனத்தில் பிறந்த இவர், ஏறத்தாழ 367 முதல் 403 வரை சலாமியின் ஆயராக இருந்தார். கிரேக்கம், சிரியம், எபிரேயம், எகிப்தியம், ஓரளவு இலத்தீன் என ஐந்து மொழிகளை அறிந்தவர் என்று அவருடைய நண்பர் எரோனிமுசு பாராட்டுகிறார். எண்பது கொள்கைகளை மறுத்து அவர் எழுதிய 'பனாரியோன்' என்னும் நூற்பெயருக்கு மருந்துப் பெட்டி என்பது பொருள். எடைகளும் அளவைகளும் பற்றிய அவரது கிரேக்க நூல் முழுமையாக எஞ்சியிருப்பது சிரிய மொழிபெயர்ப்பில்தான். மூலமொழி காக்கத் தவறியதைப் பிறிதொரு மொழி காத்தது.

ஏழாம் நூற்றாண்டில் நெயாப்பொலி நகரின் ஆயராக இருந்தவர் லெயோந்தியர். இன்றைய லிமசோல் பகுதியே அவ்வூர். சைப்பிரசின் அமத்தூசில் பிறந்து அலெக்சாந்திரியாவின் மறைமுதுவராக உயர்ந்த ஈகையாளர் யோவானின் வரலாற்றை இவர் எழுதினார். யோவான் ஏழைகளைத் தம் தலைவர்கள் என்றழைத்து, நகரிலிருந்த 7,500க்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்து, நாள்தோறும் உதவி கிடைக்கச் செய்தார் என்கிறது அந்நூல். யோவானைப் பற்றி உயர்ந்த நடையில் முன்னரே நூல் இருந்தது. எழுத்தறியாதவரும் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்பதற்காகவே தாம் எளிய நடையில் எழுதுவதாக லெயோந்தியர் முன்னுரையில் கூறுகிறார். அக்காலப் பேச்சுக் கிரேக்கத்தை ஆராய்வோர்க்கு இன்று அவருடைய நூல்கள் சிறந்த சான்றுகளாக உள்ளன.

இவர்களுள் எவரும் கல்வியை இகழ்ந்தவர் அல்லர். எபிபானியர் ஐந்து மொழி கற்றார். லெயோந்தியர் தாம் கற்ற கல்வியை எளியோர்க்காக எளிமையாக்கினார். கற்றவர் சொல்லைத் தேர்ந்தெடுக்கையில் எவரை விட்டுவிடுகிறார் என்பதையே ஸ்பிரிதோன் கேட்டார். பொதுமேடையில் பேசுவோரும், பாடநூல் எழுதுவோரும், மொழிபெயர்ப்போரும் ஒவ்வொரு சொல்லைத் தெரியும்போதும் தமக்குள் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி அது.